கணக்கப்பிள்ளை தேடிப் பிடித்த சொல்

அடீனாவால் நிமிர முடியவில்லை. காலை ஆறு மணியிலிருந்து எஸ்டேட் நிலத்தில் கூவைக்கிழங்கு தோண்டிய முதுகு அது. மண்வெட்டியைச் சாத்திவைத்துவிட்டு வீட்டுக்கு நடக்கும்போதும் தோண்டுகிற வளைவிலேயே நின்றது. இடுப்புக்கு மேலே வலப்பக்கம் ஆணி இறக்கியதுபோல ஒரு வலி. மேட்டு வழியில் பாதி தூரம் வந்தபோது தம்பி செஃபனயாவின் முற்றத்திலிருந்து கூச்சல் கேட்டது. சாவா, சண்டையா என்று பதறி, இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டே ஓடினாள்.

சாவுமில்லை, சண்டையுமில்லை. முற்றம் நிறைய ஆட்கள். நடுவில் செஃபனயா ஒரு காகிதத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா! லெட்டர் வந்திருக்கு! துரையே கையெழுத்துப் போட்ட லெட்டர்! செவ்வாக்கிழமை வேலைக்கு வரச்சொல்லிட்டாங்க!"

அடீனாவுக்கு வலி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பதினோரு வாரம். மில்லில் இரண்டு பீப்பாய் கூவை மாவு கணக்கில் குறைந்த நாளிலிருந்து எண்ணினால் பதினோரு வாரம். காவல்முறை அன்று செஃபனயாவுடையது. ஓவர்சியர் ஹாட்லி நான்கு ஆட்களோடு வந்து வீட்டைக் கலைத்தார். மாவைப் புதைத்து வைத்திருப்பான் என்று பின்பக்கத்துப் பெருவள்ளிக் கிழங்கு மேடுகளைக் கொத்திப் பிளந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் வேலை போயிற்று. சகோதர சங்கத்தில் பெந்தெகொஸ்தே ஊர்வலத்துக்குக் கொடி பிடிப்பவன் அவன், கொடியையும் வாங்கிக்கொண்டார்கள். போன வாரம் கப்பல்காரரிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு பீப்பாயும் கப்பலில் ஏறித்தான் போயிருந்தன. துறைமுகத்தில் எண்ணிய எஸ்டேட் ஆள்தான் பிசகிவிட்டான். எஸ்டேட் வாய் திறக்குமா என்று ஊரே காத்திருந்தது. இன்று திறந்துவிட்டது.

"மறுபடி படிங்க மிஸ்டர் கார்டிஸ்! என் அக்கா கேக்கட்டும்!"

எஸ்டேட் கணக்கப்பிள்ளை கார்டிஸ் தொண்டையைச் செருமினார். கடிதத்தை எழுதியவரும் அவர்தான், கொண்டுவந்தவரும் அவர்தான். அந்தப் பள்ளத்தாக்கில் அவரை மிஞ்சிய பேச்சாளர் கிடையாது. ஆறு வருடமாக ஈஸ்டர் திங்கள் தேநீர்க் கூட்டத்துப் பேச்சுப் போட்டியில் அவரை யாரும் மேடையிலிருந்து இறக்கியதில்லை.

"மேற்படி செஃபனயா லாவியா என்பாருக்கு," என்று குரலை ஏற்றினார், "இவ்வெஸ்டேட் நிர்வாகமானது, உளம் கனிந்து, தன் மேலான கிளமென்சியை அருளுகின்றது!"

முற்றம் அதிர்ந்தது.

"கிளமென்சி!" என்றாள் யூலலி. ஊரிலேயே பெரிய வாய் அவளுக்கு. "யம்மா, நாக்குல வெல்லப்பாகு மாதிரி வழியுது. என் மகளுக்குப் பொறக்கப்போற பொண்ணுக்கு இந்தப் பேருதான்!"

"பையன் பொறந்தா?"

"அதுக்கும் இதுதான்டா! உனக்கு ஏன் வயிறு எரியுது?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அந்த ஊரில் சொல்லுக்கு அளவுகோல் ஒன்றுதான்: வாயை விட்டுப் போன பிறகு எவ்வளவு நேரம் காதில் நிற்கிறது என்பது. பொருளை யாரும் கேட்பதில்லை. விருந்துக்குக் கூப்பிட்டவரிடம் கறி என்ன விலை என்று கேட்பதுபோல அது. ஆனால் அடீனாவுக்கு ஏனோ கேட்கத் தோன்றியது.

"மிஸ்டர் கார்டிஸ், அந்தச் சொல்லுக்கு என்னங்க அர்த்தம்?"

கார்டிஸ் முகம் மலர்ந்தது. "ராஜா வாயில உக்கார்ற சொல்லு அடீனா. 'வேலைக்கு வா'ன்னு ஒரே வரியில எழுதியிருக்கலாம். எனக்கு மனசு வரல. பதினோரு வாரம் தலையைக் குனிஞ்சு நடந்தவன். அவனுக்கு ஒரு சின்னச் சொல்லையா குடுக்கிறது? மூணு நாள் தேடிப் பிடிச்சேன்."

உண்மையாகத்தான் சொன்னார். கண்ணோரம் ஈரம்கூட இருந்தது.

"செவ்வாய்க் காலை ஏழு மணிக்கு ஆபீசுக்கு வந்து, 'ஏற்றுக்கொண்டேன்'னு கீழே கையெழுத்துப் போட்டுடு. அன்னைக்கே மில்லு" என்று செஃபனயாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அடீனா வீட்டுக்கு வந்ததும் அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. தகரப் பெட்டியின் அடியிலிருந்து அகராதியை எடுத்தாள். தலைநகருக்கு மாற்றலாகிப் போன பள்ளி ஆசிரியரிடம் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொடுத்து வாங்கியது. அவளும் தேநீர்க் கூட்டத்துப் பேச்சாளிதான். நான்கு முறை ஏறி நான்கு முறையும் இறக்கப்பட்டவள். வாசலில் வெளிச்சம் இருக்கும்போதே விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடினாள்.

கிளமென்சி: தண்டிக்கும் அதிகாரம் உள்ளவர், தண்டனைக்கு உரிய குற்றவாளியிடம் காட்டும் இரக்கம்.

மூன்று முறை படித்தாள். குற்றவாளி என்ற சொல் மூன்று முறையும் அங்கேயே இருந்தது.

அப்போதுதான் இன்னொரு சொல் நினைவுக்கு வந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு மேடையில் அவளே வீசிய சொல். பொருள் தெரியாது, ஓசைக்காக வீசினாள், கைதட்டலும் வாங்கினாள். விண்டிகேஷன். அகராதியின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். கரையான் ஓரத்தைத்தான் தின்றிருந்தது, எழுத்து தப்பியிருந்தது.

விண்டிகேஷன்: சுமத்தப்பட்ட பழி பொய் என்று காட்டி, ஒருவரைக் குற்றமற்றவர் என நிலைநாட்டுதல்.

"அட கடவுளே!" என்று கத்திவிட்டாள். ஒரே வீட்டின் முன்வாசலும் பின்வாசலும்போல இரண்டு சொல்! ஒன்றில் திருடன் உள்ளே வருகிறான், இன்னொன்றில் வீட்டுக்காரன் வருகிறான். அகராதியை மார்போடு அணைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு ஓடினாள்.

செஃபனயா சீமைப்பலாவைச் சுட்டுத் தின்றுகொண்டிருந்தான். அவள் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை மென்றான். பிறகும் மென்றான்.

"பதினோரு வாரமா இதையேதான் தின்னுறேன் அக்கா. உப்புமீன் வாசனையே மறந்துபோச்சு. அவங்க என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டா என்ன? வேலை குடுக்கிறாங்களா இல்லையா?"

"திருடன்னு கூப்பிடுறாங்கடா! நீ அதுக்குக் கீழ கையெழுத்து வேற போடப்போற. திருடுனேன், மன்னிச்சாங்க, ஏத்துக்கிட்டேன்னு. அப்புறம் கொடி? ஒத்துக்கிட்ட திருடன் கையில சங்கம் கொடி குடுக்குமா?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். கொடி என்றதும் முகம் மாறியது. ஆனால் உடனே தலையை ஆட்டினான்.

"உன் கரையான் புத்தகம் சொல்லுது. மிஸ்டர் கார்டிஸ் அப்படிச் செய்யமாட்டாரு. அவருக்குத் தெரியாத சொல்லா? அவரு வாயால சொல்லட்டும், அப்ப பாக்குறேன். இல்லன்னா செவ்வாக்கிழமை கையெழுத்துப் போடுவேன். ஆளை விடு."

அடீனா அகராதியை மூடினாள். கார்டிஸ் வாயால் சொல்ல வேண்டும். இன்றைய சனி போய்விட்டது. நடுவில் ஞாயிறு, பிறகு திங்கள் தேநீர்க் கூட்டம். "சரி, அவரு வாயாலேயே சொல்லவைக்கிறேன்" என்றாள்.

திங்கள் பிற்பகல் மூன்று மணிக்கே பள்ளிக்கூட மண்டபத்தில் நிற்க இடமில்லை. மன்னர் படத்துக்குக் கீழே மேடை. மேசைமேல் தேங்காய் ரொட்டியும், ஆவி பறக்கும் கொக்கோ டீயும். தலைவர் நாற்காலியில் படகுத் தச்சர் பொனடி, கல்யாணக் கோட்டோடு வியர்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசை பெஞ்சுகளுக்குக் குழி என்று பெயர். குழியின் வேலை மேடையில் நிற்பவரைக் குலைப்பது. தடி தட்டலாம், தகரம் தட்டலாம், பாட்டுக் கட்டலாம். பேச்சு தடுமாறினால் இறங்க வேண்டியதுதான். குழிக்குத் தலைவி யூலலி. கையில் சட்டி மூடியும் கரண்டியும்.

முதலில் வந்த இருவரைக் குழி ஐந்து நிமிடத்தில் விழுங்கியது. ஒருவன் வணக்கத்தைத் தாண்டவேயில்லை. மூன்றாவதாக கார்டிஸ் எழுந்து அரை மணி நேரம் இடியும் மின்னலுமாகப் பொழிந்தார். யூலலியின் கரண்டி வளைந்ததுதான் மிச்சம். மண்டபத்தின் ஆரவாரம் கூரையைப் பிய்த்தது.

"எதிர்த்து நிக்க யாராவது உண்டா?" என்று கேட்டார் பொனடி.

"நான் இருக்கேன்" என்று அடீனா எழுந்தாள். "நான் பேச வரல. நிறுக்க வந்திருக்கேன்."

மண்டபம் 'ஓ' என்று இரைந்தது. நிறுப்பது பழைய வழக்கம். சவால் விடுபவர் இரண்டு சொல்லைச் சொல்வார். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எதிராளி முதலில் பேச வேண்டும், பிறகு சவால் விட்டவர். யார் சரியாக நிறுத்தார் என்று குழி காலால் தரையைத் தட்டித் தீர்ப்புச் சொல்லும். தோற்றவர் வென்றவர் கேட்பதைச் செய்ய வேண்டும். காசு மட்டும் கேட்கக் கூடாது.

"அடீனா, போன தடவ உன்னை இறக்கினப்ப என் கை வலி தீர மூணு நாளாச்சு!" என்று கத்தினாள் யூலலி. "கொஞ்சம் சீக்கிரம் விழு தாயி!"

"சொற்களைச் சொல்" என்றார் பொனடி.

"கிளமென்சி. விண்டிகேஷன்."

கார்டிஸ் சிரித்தார். தன் சொல்லையே தன் தட்டில் பரிமாறுகிறாளே என்ற மகிழ்ச்சி. இரண்டு கையையும் விரித்து முன்னால் வந்தார்.

"கேளீர், கேளீர், பெருங்குடி மக்களே! இரு மங்கையரை என் முன் நிறுத்தினாள் இம்மாது! விண்டிகேஷன் என்பவள் யார்? நீதிமன்ற வாயிலில், புழுதி படிந்த பாதங்களோடு, சான்று கேட்டுச் சண்டையிடும் வழக்காடி! கிளமென்சியோ அரண்மனையில் பிறந்த அரசிளங்குமரி!"

குழி தடியைத் தட்டியது. அவர் அதன் தாளத்திலேயே ஏறினார்.

"அரியணையில் மன்னர்! அவர் அடியில் மண்டியிட்டுக் கிடக்கிறான் குற்றவாளி! கொலைவாள் அவன் கழுத்தைக் கேட்கிறது! அக்கணம் எழுகிறாள் கிளமென்சி! 'அரசே! இவன் களவாடியது மெய்! இவன் கை கறைபட்டது மெய்! ஆயினும், இந்தக் கள்வனை..."

"மிஸ்டர் கார்டிஸ்."

சுவரோரமாக நின்றிருந்த செஃபனயா சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

"யாரு களவாண்டது?"

கார்டிசின் கைகள் விரித்தபடியே நின்றன. வாய் திறந்தபடியே நின்றது. ஆறு வருடத்தில் முதல்முறையாக அந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. குழி பாய வேண்டிய நேரம். ஒரு தடிகூட அசையவில்லை. முற்றத்தில் நின்று அந்தச் சொல்லை நாக்கில் உருட்டியவர்கள்தான் அத்தனை பேரும். யூலலி கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொனடி முதலில் சுதாரித்தார். "அடீனா. உன் முறை."

அடீனா ஞாயிறு முழுக்க மனப்பாடம் செய்திருந்தாள். "மாட்சிமை தங்கிய அவைத்தலைவர் அவர்களே! வானுறை விண்மீன்களினும் எண்ணிறந்த..." என்று தொடங்கியதும் யூலலிக்குத் தன் கடமை நினைவுக்கு வந்துவிட்டது. டங், டங், டங்.

"உக்காரு அடீனா உக்காரு! உலைக்கு நேரமாச்சு உக்காரு!"

குழி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. தரை குலுங்கியது. விண்மீன்களுக்குப் பிறகு என்ன என்று அடீனாவுக்கு மறந்துபோயிற்று. மீண்டும் விண்மீன்கள் என்றாள். மீண்டும் மறந்தது. தலைவணங்கக் குனிந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. தோண்டுகிற வளைவிலேயே, எல்லார் முன்னாலும் நின்றாள். குழி ஊளையிட்டது. வலியும் கோபமும் சேர்ந்து வந்தன.

"அடிங்கடி, நல்லா அடிங்க! இந்த முதுகு எப்படிப் பிடிச்சுதுன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க முதுகும் இதானே!"

தகரம் ஒரு தாளம் தப்பியது.

"டீ மீட்டிங்ல வயக்காட்டுப் பேச்சா?" என்றது ஒரு குரல்.

"ஆமா, அந்தப் பேச்சுதான்! ரெண்டு சொல்லையும் மில்லுக்குக் கொண்டுபோறேன், வாங்க. கிழங்கைக் கூடையில பாக்குறோம். ஒண்ணு கருப்பா இருக்கு. அழுகல்னு தூக்கி எறியப்போறான் ஹாட்லி. பக்கத்துல நிக்கிறவன், 'அழுகல்தான், ஆனா பாவம், இருந்துட்டுப் போகட்டும்'னு சொல்றான். அதான் கிளமென்சி. கிழங்கு கூடையில இருக்கும். ஆனா செத்தாலும் அது அழுகல்தான். இன்னொருத்தன் அந்தக் கிழங்கைத் தண்ணியில போட்டுத் தேய்க்கிறான். மேல இருந்தது சேறு. உள்ள பாலு மாதிரி வெள்ளை. 'யாருடா அழுகல்னு சொன்னது?'ன்னு கேக்குறான் பாரு, அதான் விண்டிகேஷன்!"

யாரோ ஒருவர் காலால் தட்டினார். ஒருமுறை.

"கிளமென்சி கேள்வியே கேக்காது. கும்பிட்டு வாங்கிட்டுப் போன்னு சொல்லும். விண்டிகேஷன் கேக்கும். பீப்பாய் எங்க இருந்துச்சு?"

"கப்பல்ல!" என்றது குழி.

"எண்ணத் தெரியாதது யாருக்கு?"

"எஸ்டேட்டுக்கு!"

"என் தம்பி வீட்டுப் பின்னால ஹாட்லி வெட்டிப் பொளந்த கிழங்கு மேடு எத்தனை?"

அந்த நாள் வேலியோரம் நின்று பார்த்தவர்கள் அவர்கள். "பதினாலு!" என்று மண்டபம் முழங்கியது.

"கிளமென்சி கணக்குல ஒரு மேடுகூட இல்ல. விண்டிகேஷன் கணக்குல பதினாலும் இருக்கு. நிறுத்துட்டேன். தீர்ப்பச் சொல்லுங்க!"

முதலில் தட்டியது யூலலியின் கால். சட்டி மூடியைத் தரையில் வீசிவிட்டு இரண்டு காலாலும் குதித்தாள். பிறகு குழி, பிறகு மண்டபம். மன்னர் படம் ஆணியில் ஆடிச் சாய்ந்தது. கொக்கோ டீக் கோப்பைகள் மேசையில் நடந்தன. செஃபனயா பெஞ்சுகளைத் தாண்டி வந்து அக்காவைத் தூக்கினான்.

"இறக்குடா! முதுகு! முதுகு!" என்று அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

சத்தம் அடங்கியபோது கார்டிஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். முகம் கருத்துப்போயிருந்தது.

"பெருசா ஒண்ணு குடுக்கணும்னு தேடினேன் செஃபன்" என்றார். மேடைக் குரல் போய்விட்டிருந்தது. "பொருளைப் பாத்தேன். அதுல இருந்த மன்னரை மட்டும் பாத்தேன். மண்டி போட்டவனைப் பாக்கல."

அடீனா முன்னால் வந்தாள்.

"நான் கேக்கிறது இதான். லெட்டரை மாத்தி எழுதுங்க. இப்பவே. எல்லாரும் பாக்க."

கார்டிஸ் கோட்டுப் பையிலிருந்து எஸ்டேட் பெயர் அச்சடித்த தாளை எடுத்தார். மேடைப் பேச்சைக்கூட அதன் பின்பக்கத்தில்தான் எழுதுவது அவர் வழக்கம். நல்ல தாளாக ஒன்று தேர்ந்து, பள்ளிக்கூட மையைத் தொட்டு எழுதினார். கிளமென்சி இருந்த இடத்தில் விண்டிகேஷன் வந்தது. படித்துக் காட்டியபோது யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொரு சொல்லையும் உன்னிப்பாகக் கேட்டார்கள்.

"துரை போடுவாரா?" என்றாள் அடீனா.

"போடலன்னா செஃபனோட சேத்து என்னையும் சீமைப்பலா சுட்டுத் திங்கக் கூப்பிடுங்க."

செவ்வாய்க் காலை ஏழு மணிக்கு ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழே அக்காவும் தம்பியும் நின்றார்கள். கொஞ்சம் தள்ளி, மில்லுக்குப் போகிற வழியில் செருப்பு வார் அறுந்ததுபோல, இருபது பேர் குனிந்துகொண்டிருந்தார்கள். யூலலிக்குச் செருப்பே கிடையாது, அவளும் குனிந்திருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது.

"என்ன கார்டிஸ், இந்தக் கடிதத்தில் போன வாரமே கையெழுத்துப் போட்டேனே?" என்றது துரையின் குரல்.

"அதில் மை கொட்டிவிட்டது சார்."

காகிதம் சரசரத்தது. அடீனா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது வேறு சொல்லாக இருக்கிறதே. ரொம்பப் பெரியதாக இல்லை?"

வெளியே குனிந்திருந்த இருபது பேரும் ஒருசேர ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார்கள்.

"சரியான அளவுதான் சார்" என்றார் கார்டிஸ். "கப்பல்காரர் கடிதத்தோடு ஒத்துப் பார்த்தேன்."

பேனா கீறும் ஓசை கேட்டது. அவ்வளவுதான். யூலலி போட்ட கூச்சலில் ஆபீஸ் கூரைப் புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. துரை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். செஃபனயா தொப்பியைக் கழற்றாமல் உள்ளே போய்க் கடிதத்தை வாங்கினான். ஏற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடச் சொல்லி அதில் வரியே இல்லை.

பெந்தெகொஸ்தே திங்களன்று சகோதர சங்கத்தின் ஊர்வலத்தில் செஃபனயா கொடி பிடித்தான். காற்று அதிகம்; இரண்டு பேர் பிடிக்க வேண்டிய கொடியை ஒருவனாகப் பிடித்தான். கடிதம் அவன் வீட்டு முன்னறையில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. யூலலியின் மகளுக்குப் பையன் பிறந்தான். பேர் வைக்கும் முன் யூலலி அடீனாவிடம் வந்து அதன் பொருளைக் கேட்டுவிட்டுப் போனாள்.

ஓவர்சியர் ஹாட்லி செஃபனயா வீட்டுப் பக்கமாகக் குதிரையில் போகும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வேலிக்குப் பின்னால் வெட்டிய குழிகள் அப்படியே கிடக்கின்றன, மழைத் தண்ணீர் தேங்கி. பெருவள்ளிக் கிழங்கு மேடு, பதினான்கு. அவற்றுக்கான நஷ்ட ஈட்டை எஸ்டேட் செஃபனயாவுக்கு இன்னும் தரவில்லை.